எக்ஸிமா ஆறியதா, அடங்கியதா? ஊசியில்லாமல் தோலை அளக்கும் முறைகள்

"கிரீம் போட்டால் பத்து நாளில் அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் அடுத்த மாதமே அதே முழங்கை மடிப்பில் திரும்ப வருகிறது." மலேசியாவில் செந்தூலானாலும் கிள்ளானானாலும், எக்ஸிமா என்ற அரிக்கும் தோல் அழற்சி உள்ள பிள்ளையை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

இந்தப் பேச்சுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. கிரீமை நிறுத்திய அன்று தோல் உண்மையிலேயே ஆறியிருந்ததா, இல்லை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கி மட்டும் இருந்ததா? "ஊசி குத்தாமல் எக்ஸிமாவை அளக்கலாம்", "டேப் ஒட்டி எடுத்தே நோயின் போக்கைச் சொல்லலாம்" என்று வரும் செய்திகளின் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். ஆனால் எது மருத்துவமனைக்கு வந்துவிட்டது, எது இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்பதைச் செய்திகள் பிரித்துச் சொல்வதில்லை. அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

## தோலின் சுவர்

தோலின் ஆக மேலே இருப்பது கொம்புப் படலம். தலைமுடியைவிட மெல்லியது. செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, அவற்றின் நடுவே செராமைடு போன்ற கொழுப்புகள் சாந்து மாதிரி நிற்கின்றன. உடம்பின் நீரை உள்ளே வைப்பதும், தூசியையும் கிருமியையும் வெளியே நிறுத்துவதும் இந்தச் சுவர்தான்.

சுவரைக் கட்ட உதவும் புரதங்களில் முக்கியமானது ஃபிலாக்ரின். இது உடைந்து சிதையும்போது வரும் சிறு மூலக்கூறுகள் தோலுக்குள் நீரைப் பிடித்து வைக்கின்றன. இவற்றை மொத்தமாக இயற்கை ஈரப்பொருள் என்று சொல்லலாம். ஃபிலாக்ரின் மரபணுவில் கோளாறு இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகக் குழு காட்டியது. அதுவரை "உள்ளிருந்து வரும் ஒவ்வாமை" என்று மட்டும் பார்க்கப்பட்ட நோய், "மேலே சுவரில் விழுந்த ஓட்டை" என்றும் பார்க்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

ஓட்டை ஒரு பக்கம், அழற்சி இன்னொரு பக்கம். நோயெதிர்ப்பு செல்கள் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. இவை ஃபிலாக்ரின் உற்பத்தியையே குறைத்துவிடும். அதனால் சுவர் இன்னும் பலவீனமாகிறது, அரிப்பு கூடுகிறது. சொறியச் சொறிய ஓட்டை பெரிதாகிறது. மேல்தோல் சரியானதுபோல் தெரிந்த பிறகும் இந்தச் சுற்று அடியில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கலாம்.

## கண் எங்கே தவறுகிறது

இன்று எக்ஸிமாவை மருத்துவர் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார். அதற்கு இரண்டு மதிப்பெண் முறைகள் பரவலாக உள்ளன. ஈசி என்பது 0 முதல் 72 வரை போகும். ஸ்கோராட் 0 முதல் 103 வரை. சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, சொறிந்த கீறல் எவ்வளவு, உடம்பில் எவ்வளவு பரப்பு என்று பார்த்து எண் போடுவார்கள். பயிற்சி உள்ள இரண்டு மருத்துவர்கள் ஒரே பிள்ளைக்கு வேறு வேறு எண் போடுவதும் நடக்கும்.

நம் தோலுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. "சிவப்பு" என்ற அளவுகோல் வெள்ளைத் தோலை வைத்து உருவானது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அழற்சி சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த நிறமாக, சாம்பல் பூத்த பழுப்பாக, சில நேரம் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கருமையாக மட்டும் தெரியும். லண்டனில் கறுப்பினக் குழந்தைகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. சிவப்பைக் கணக்கில் சரிசெய்து பார்த்தபோது, கறுப்பினக் குழந்தைகளுக்குக் கடுமையான எக்ஸிமா இருக்கும் வாய்ப்பு வெள்ளைக் குழந்தைகளைவிட ஏறக்குறைய 6 மடங்கு என்று தெரிந்தது. சரிசெய்யாமல் பார்த்திருந்தால் அந்தக் கடுமை மறைந்தே போயிருக்கும்.

இதன் மறுபக்கமும் நம் வீடுகளில் நடக்கிறது. எக்ஸிமா ஆறிய இடத்தில் கருந்திட்டு நிற்கும். அது நோயல்ல, அழற்சி விட்டுப்போன நிறமிதான். மாதக்கணக்கில் இருந்து மெல்ல மறையும். ஆனால் அதைப் பார்த்து "இன்னும் போகலையே" என்று ஸ்டீராய்டு கிரீமைத் தொடர்ந்து தேய்ப்பவர்கள் உண்டு. ஆக, ஒரே நிறத்தால் இரண்டு தவறு நடக்கிறது. நோய் இருக்கும்போது தெரியாமல் போகிறது, நோய் போன பிறகு இருப்பதுபோல் தெரிகிறது. கண்ணை மட்டும் நம்பாத ஓர் அளவு யாருக்காவது அவசரமாகத் தேவை என்றால் அது நம் மாதிரி நிறமுள்ளவர்களுக்குத்தான்.

## உயிர்க்குறி என்றால் என்ன

உடம்புக்குள் நடப்பதைக் காட்டும், அளந்து எண்ணாக எழுதக்கூடிய ஒரு பொருளையோ தன்மையையோ உயிர்க்குறி என்கிறோம். நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் எச்பிஏ1சி என்ற இரத்தச் சர்க்கரைச் சோதனை நல்ல எடுத்துக்காட்டு. முகத்தைப் பார்த்து யாரும் சர்க்கரை அளவைச் சொல்வதில்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாத்திரை கூடுகிறது, குறைகிறது. எக்ஸிமாவுக்கு அப்படி எல்லா நாட்டிலும் ஒப்புக்கொண்ட ஓர் எண் இன்னும் கிடையாது. ஜப்பானில் மட்டும் டார்க் என்ற அழற்சிப் புரதத்தை இரத்தத்தில் அளப்பது 2008 முதல் மருத்துவக் காப்பீட்டில் வழக்கமாக இருக்கிறது. ஆனால் அதற்கு இரத்தம் எடுக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மாதாமாதம் ஊசி குத்துவதை எந்தத் தாயும் விரும்பமாட்டார்.

அதனால்தான் ஊசியில்லாத, கீறலில்லாத உயிர்க்குறிகளைத் தேடுகிறார்கள். அவை பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் மூன்று:

1. எந்தக் குழந்தைக்கு எக்ஸிமா வரப்போகிறது?
2. வந்தவருக்கு எந்த மருந்து பொருந்தும்?
3. சிகிச்சையை எப்போது கூட்டலாம், எப்போது குறைக்கலாம்?

மூன்றாவது கேள்விதான் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. அதைப் பற்றிப் பேசும் செய்திகள்தான் மிகக் குறைவு.

## அளக்கும் வழிகள்

1. தோல்வழி நீரிழப்பு

வியர்வை இல்லாதபோதும் தோல் வழியாக நீராவி கசிந்துகொண்டே இருக்கிறது. சுவரில் ஓட்டை அதிகமானால் கசிவும் அதிகமாகும். சிறிய ஓர் உருளையைத் தோல்மேல் வைத்து, அதற்குள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும் ஈரப்பத உணரிகளால் இந்தக் கசிவை அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கிராம் என்று எண் வரும். நல்ல முன்கைத் தோலில் பெரும்பாலும் 10-க்குள் இருக்கும். எக்ஸிமா உள்ள இடத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போகும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கோலாலம்பூரில் ஒரு மதிய நேரத்தை நினைத்துப் பாருங்கள். வெளியே 33 டிகிரி. எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து, மாடிப்படி ஏறி வந்த பிள்ளையின் முழங்கை மடிப்பில் வியர்வை கோத்திருக்கிறது. அந்த நொடியில் கருவியை வைத்தால் வியர்வையைத்தான் அளக்கும், சுவரின் ஓட்டையை அல்ல. அதனால் 20 முதல் 22 டிகிரி வெப்பமும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், சட்டைக் கையை மடித்துவிட்டு, குறைந்தது 15, 20 நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். காலையில் எண்ணெயோ கிரீமோ பூசியிருக்கக் கூடாது. பிள்ளை அழுதால் திரும்ப வியர்க்கும், திரும்பக் காத்திருக்க வேண்டும். ஏர்கோனும் பொறுமையும் இல்லாமல் இந்த எண்ணுக்கு நம் ஊரில் பொருளே கிடையாது.

எண்ணெய் என்றதும் நம் வீட்டுக் கேள்வி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தேங்காய் எண்ணெய் பூசலாமா? பிலிப்பைன்ஸில் லேசானது முதல் நடுத்தரம் வரை எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. சிலருக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய், சிலருக்கு மினரல் ஆயில், 8 வாரம். இரண்டு குழுவிலும் நீரிழப்பு குறைந்தது. தேங்காய் எண்ணெய்க் குழுவில் ஏறக்குறைய 27-இலிருந்து 7-க்கு இறங்கியது. மினரல் ஆயில் குழுவில் 24-இலிருந்து 13.5-க்கு. பாட்டிமார் கைவைத்தியத்துக்கு இது நல்ல ஆதாரம்தான்.

இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். எந்த எண்ணெயும் தோல்மேல் படிந்திருக்கும்வரை நீராவியைத் தடுக்கும். எண் குறைந்தால் சுவர் சரியானதாக இருக்கலாம், மேலே எண்ணெய் மூடியிருப்பதாகவும் இருக்கலாம். அந்த ஆய்வில் நோயின் மதிப்பெண்ணும் சேர்ந்து குறைந்ததால்தான் முடிவு நம்பிக்கை தருகிறது. அப்புறம், ஒரு எண்ணெய்க்குச் சொன்னது எல்லா எண்ணெய்க்கும் பொருந்தாது. ஆலிவ் எண்ணெய் தோல் சுவரைப் பலவீனப்படுத்துகிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆய்வு 2013-இல் காட்டியது.

2. டேப் ஒட்டி எடுப்பது

எனக்கு ஆக நம்பிக்கை தருவது இதுதான். 22 மில்லிமீட்டர் அகலமுள்ள, கண்ணாடிபோல் தெளிவான வட்ட டேப் ஒன்றைத் தோல்மேல் வைத்து, ஒரே அழுத்தம் கொடுக்கும் ஸ்பிரிங் கருவியால் சில நொடி அழுத்துவார்கள். பிறகு இடுக்கியால் ஓர் ஓரத்தைப் பிடித்து உரித்தெடுப்பார்கள். பிளாஸ்திரி எடுக்கும் உணர்வுதான், இரத்தம் வராது. டேப்பை வெளிச்சத்தில் பிடித்தால் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூச்சு தெரியும். அதுதான் கொம்புப் படலத்தின் ஓர் அடுக்கு. அதே இடத்தில் அடுத்த டேப், அதற்குமேல் அடுத்தது என்று பதினாறு, இருபது வரைகூட எடுப்பார்கள். முதல் ஓரிரண்டில் அழுக்கும் கிரீம் மிச்சமும் இருக்கும். ஆழம் போகப் போகத்தான் விஷயம் கிடைக்கும். உடனே குப்பியில் போட்டு உறைநிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த வெள்ளைப் பூச்சுக்குள் இயற்கை ஈரப்பொருள், செராமைடு வகைகள், டார்க் மாதிரி அழற்சிப் புரதங்கள், எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ எல்லாம் இருக்கின்றன. முன்பு இதற்குத் தோலில் சிறு துண்டு வெட்டி எடுத்துத் தையல் போட வேண்டியிருந்தது. டேப்பில் கிடைத்த ஒரே ஒரு மரபணுவின் அளவை வைத்து எக்ஸிமாவையும் சொரியாசிஸ் என்ற இன்னொரு தோல் நோயையும் பிரித்துக் காட்டிய ஆய்வு 2021-இல் வந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும் வழி தெளிவானது.

இன்னும் ஆழமானது அமெரிக்காவின் டென்வரில் 2019-இல் வந்த முடிவு. எக்ஸிமாவோடு உணவு ஒவ்வாமையும் உள்ள குழந்தைகளின் தோலில், நோய் இல்லாததுபோல் தெரியும் இடத்திலேயே ஃபிலாக்ரினும் சில செராமைடுகளும் குறைந்திருந்தன. எக்ஸிமா மட்டும் உள்ள குழந்தைகளிடம் அப்படி இல்லை. கண்ணுக்கு ஒரே நோய், டேப்புக்கு இரண்டு நோய்.

3. ராமன் ஒளி

திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்ற அதே விளைவுதான். ஒரு பொருள்மேல் லேசர் ஒளி பட்டால் பெரும்பங்கு அப்படியே சிதறும். மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறித் திரும்பும். அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒவ்வொரு விதம். தோல்மேல் ஒளியைக் குவித்து, மைக்ரோமீட்டர் கணக்கில் ஆழம் மாற்றி மாற்றிப் பார்த்தால், எந்த ஆழத்தில் எவ்வளவு நீர், எவ்வளவு ஈரப்பொருள் என்று தெரியும். டேப்கூட வேண்டாம். பக்கத்தில் சிங்கப்பூரிலேயே ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்களும் தேசியத் தோல் மையமும் கையில் பிடிக்கும் ராமன் கருவியை எக்ஸிமா நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள்.

4. ஒளி கொடுத்து ஒலி கேட்பது

தோலுக்குள் நொடியின் மிகச் சிறு துணுக்கு நேரம் ஒளித்துடிப்பு அனுப்பினால், இரத்தம் அதை உறிஞ்சிச் சற்றே விரிந்து ஒலி எழுப்பும். அந்த ஒலியை வைத்து மேல்தோலின் தடிமனையும் அடியிலுள்ள இரத்தக் குழாய்களையும் படமாக்கலாம். ஒளியை மட்டும் பயன்படுத்தித் தடிமனை அளக்கும் ஓசிடி கருவியும் இந்த வரிசையில் வரும். கண் மருத்துவமனையில் விழித்திரையைப் பார்ப்பார்களே, அதே ஓசிடிதான்.

5. பஞ்சுக் குச்சியும் பிஎச்சும்

எக்ஸிமா உள்ள தோலில் பத்தில் ஏழு பேருக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி குடியிருக்கிறது. பஞ்சுக் குச்சியால் தடவி அதன் அளவைப் பார்க்கலாம். தோலின் அமிலத்தன்மை குறைந்தாலும் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம், ஆகவே பிஎச் அளவும் ஒரு துப்பு. தனியாக இவை எதையும் முடிவு செய்யாது.

## சிகிச்சையில் என்ன மாறும்

தொடக்கத்தில் சொன்ன முழங்கை மடிப்புக்கு வருவோம். திரும்பத் திரும்ப வரும் எக்ஸிமாவுக்கு ஒரு நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. தோல் தெளிந்த பிறகும், வழக்கமாக வரும் இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் மருந்துக் கிரீம் பூசுவது. ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு கிரீமை அப்படிப் பூசியவர்களுக்கு நோய் திரும்புவது பல மடங்கு குறைந்ததை 2003-இல் வந்த ஆய்வு காட்டியது. கண்ணுக்குத் தெரியாத அழற்சி அடியில் இருக்கிறது என்பதற்கு இதுவே பெரிய சாட்சி.

ஆனால் எத்தனை மாதம் பூசுவது? இன்று இதற்குப் பதில் பெரும்பாலும் அனுபவக் கணக்குதான். டேப்பில் அழற்சிப் புரதம் இறங்கிவிட்டது என்று தெரிந்தால் ஒரு பிள்ளைக்கு ஆறு வாரத்தில் நிறுத்தலாம், இன்னொரு பிள்ளைக்கு ஆறு மாதம் தொடரலாம். ஸ்டீராய்டைக் கண்டு பயப்படும் பெற்றோருக்கும், பயமில்லாமல் அள்ளிப் பூசுபவருக்கும் ஒரே எண் பதில் சொல்லும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டீராய்டு கிரீம் அழற்சியை வேகமாக இறக்கும், அதே நேரம் அளவுமீறினால் தோலை மெலிய வைத்துச் சுவரைப் பலவீனமாக்கும். அழற்சி எண் நன்றாக இருக்கும்போதே நீரிழப்பு எண் மோசமாக இருக்கலாம். அதனால் ஒரே ஓர் எண்ணை நம்பி மருந்து மாற்றுவது சரிவராது. அழற்சிக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என இரண்டு எண்ணாவது வேண்டும்.

கடுமையான எக்ஸிமாவுக்கு 2017 முதல் டுபிலுமாப் ஊசி வந்திருக்கிறது. இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் வழியையும் அடைக்கும். செல்லுக்குள் போகும் அழற்சிச் செய்தியைத் தடுக்கும் ஜேஏகே தடுப்பு மாத்திரைகளும் வந்துவிட்டன. விலை அதிகம், எல்லாருக்கும் ஒரே அளவில் கேட்பதில்லை. மாதக்கணக்கில் பணம் கட்டிப் பார்த்துவிட்டு மாற்றுவதற்குப் பதில், முன்கூட்டியே டேப்பில் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தால் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய சுமை இறங்கும். ஆனால் இன்றைக்கு அப்படி நம்பித் தேர்ந்தெடுக்கும் சோதனை எதுவும் நடைமுறையில் இல்லை.

முன்கூட்டியே சொல்வது பற்றியும் ஒன்று. அயர்லாந்தின் கார்க் நகரில், பிறந்த இரண்டாம் நாளில் நீரிழப்பு அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் எக்ஸிமா அதிகம் வந்ததை 2015-இல் காட்டினார்கள். சரி, அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் கிரீம் பூசினால் தடுத்துவிடலாமே? பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்து அதைச் செய்து பார்த்தார்கள். தினமும் ஈரக்கிரீம் பூசியும் இரண்டு வயதில் எக்ஸிமா குறையவில்லை என்று 2020-இல் முடிவு வந்தது. வரப்போவதைத் தெரிந்துகொள்வதும் அதைத் தடுப்பதும் வேறு வேறு வேலைகள்.

## ஏன் இன்னும் கிளினிக்கில் இல்லை

முதல் காரணம், பொதுவான வரையறை இல்லை. எந்த உடல்பகுதி, எத்தனையாவது டேப், எந்த எண்ணுக்கு மேல் போனால் மருந்தைக் கூட்டுவது என்பதில் ஆய்வுக்கூடங்கள் ஒத்துப்போகவில்லை. டேப்பை ஆராயும் கருவிகளுக்கும் செலவு அதிகம்.

எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவது காரணம். ஒளியை நம்பும் கருவிகளுக்கு நிறமி ஒரு தடை. மெலனின் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், ராமன் கருவியில் தானே ஒளிர்ந்து துப்பை மறைக்கும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ஆக்ஸிமீட்டர், கறுத்த தோல் உள்ளவர்களுக்கு ஆக்ஸிஜனை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியது 2020-இல் பதிவானது. அதே தவறு தோல் கருவிகளிலும் நடந்துவிடக் கூடாது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி என்று எல்லா நிறமும் ஒரே காத்திருப்பு அறையில் உட்காரும் கோலாலம்பூர் இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற ஊர். இங்கே அந்த ஆய்வு நடக்க வேண்டும் என்று நம் சமூக அமைப்புகளும் கேட்க வேண்டும்.

கடைத்தொகுதிகளில் முகத்தை ஸ்கேன் செய்து "தோலின் வயது", "ஈரப்பதம்" என்று எண் சொல்கிறார்களே, அது இதுவல்ல. அந்த எண்ணை வைத்து எக்ஸிமா மருந்தை மாற்றாதீர்கள். பெயரில்லாத டப்பாவில் விற்கும் "அதிசய" கிரீமும் வேண்டாம். பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்த பொருள்கள் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன.

## இப்போதைக்குக் கையில் இருக்கும் எண்

கருவி வரும்வரை வீட்டிலேயே எடுக்கக்கூடிய எண் ஒன்று இருக்கிறது. போயம் என்ற இந்தக் கேள்வித்தாளை உருவாக்கியவர்கள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். உயிர்க்குறி அல்ல, ஆனால் நிறம் பார்ப்பதில்லை. கடந்த 7 நாளில் எத்தனை நாள் இவை நடந்தன என்று மட்டும் கேட்கிறது:

1. அரிப்பு
2. தூக்கம் கெட்டது
3. இரத்தம் வந்தது
4. நீர் வடிந்தது
5. தோல் வெடித்தது
6. செதில் உதிர்ந்தது
7. தோல் வறண்டு சொரசொரப்பானது

ஒருநாளும் இல்லை என்றால் 0. ஓரிரு நாள் 1, மூன்று நான்கு நாள் 2, ஐந்தாறு நாள் 3, தினமும் என்றால் 4. கூட்டுத்தொகை 28 வரை போகும். 3 முதல் 7 வரை லேசானது, 8 முதல் 16 வரை நடுத்தரம், 17-உம் அதற்கு மேலும் கடுமை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாள்காட்டியில் அந்த எண்ணை எழுதி வையுங்கள். கிரீம் நிறுத்திய தேதியையும் அதிலேயே குறியுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு வார எண்களையும், பாதி தீர்ந்த ட்யூப்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "தெளிந்த பிறகு வாரம் இரண்டு நாள் பூசும் முறை என் பிள்ளைக்குப் பொருந்துமா, எத்தனை மாதம்?" என்று கேளுங்கள். விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய கிரீம் ஏறக்குறைய அரை கிராம், பெரியவர் கையின், விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். அந்த அளவில்தான் பூசுகிறீர்களா என்பதை அங்கேயே மருத்துவருக்குப் பூசிக் காட்டிவிடுங்கள்.